கிரேவ்ஸ் தைராய்டு: மாத்திரையை நிறுத்தப் போறேன், திரும்ப வராம இருக்க என்ன பண்ணணும்?

ஊசிநூல்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருக்கேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு வயசு 33. கிரேவ்ஸ்னு (தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யற நோய்) கண்டுபிடிச்சு 19 மாசம் ஆகுது. ஆரம்பத்துல படபடப்பு, வேர்வை, நல்லா சாப்பிட்டும் 6 கிலோ குறைஞ்சது, ராத்திரி தூக்கமே கிடையாது. வேலை டென்ஷன்னு நினைச்சு விட்டுட்டேன். நான் தையல் வேலை பண்றவ. ஒரு நாள் ஊசில நூல் கோக்க உக்காந்தேன், நுனிய எச்சில் தொட்டு முறுக்கி கிட்ட கொண்டு போனா நூல் ஒரு பக்கம் ஆடுது ஊசி ஒரு பக்கம் ஆடுது, பத்து தடவை முயற்சி பண்ணிட்டு கடைசில என் பொண்ணைக் கூப்பிட்டு கோத்துத் தரச் சொன்னேன். அன்னைக்குத்தான் இது வெறும் டென்ஷன் இல்லன்னு எனக்கே உறைச்சுது.

டெஸ்ட்ல தைராய்டைத் தூண்டற டிஎஸ்ஹெச் 0.01க்கும் கீழ, தைராய்டு சுரக்கற ஹார்மோன்களான ஃப்ரீ டி4, டி3 ரெண்டும் எக்கச்சக்கமா மேல. கிரேவ்ஸுக்குக் காரணமான டிஆர்ஏபி ஆன்டிபாடி 11, அந்த லேப்ல 1.75க்கு கீழ இருக்கணுமாம். தைராய்டைக் குறைக்கற கார்பிமசோல் மாத்திரை 30 எம்ஜில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு இப்ப ஏழு மாசமா வெறும் 5 எம்ஜி. படபடப்புக்கு முதல் ரெண்டு மாசம் ப்ரோப்ரனலாலும் போட்டேன். போன டெஸ்ட்ல டிஎஸ்ஹெச் 1.8, மத்ததும் நார்மல். டாக்டர் அடுத்த மாசம் ஆன்டிபாடி திரும்பப் பாத்துட்டு நிறுத்திப் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஆனா கிளம்பும்போது "கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் திரும்ப வரும்"னு ஒரு வார்த்தை சொன்னாங்க பாருங்க, அதுலேர்ந்து அந்தப் "பாதி"தான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

நிறுத்திட்டு வருஷக்கணக்கா நல்லா இருக்கறவங்க இங்க யாராவது இருக்கீங்களா? டிஎஸ்ஹெச் நார்மல் ஆனப்புறம் ஆன்டிபாடி எதுக்கு திரும்பப் பாக்கணும்? ரெண்டாவது குழந்தையும் யோசிச்சுட்டு இருக்கோம், அதனால ஏதாவது பிரச்சனை வருமா? சொந்தத்துல ஒருத்தர் இந்த மாத்திரையெல்லாம் அன்னைக்கே விட்டிருக்கணும், உடம்பு தானா சரி பண்ணிக்கும்னு பாக்கும்போதெல்லாம் சொல்றாரு, கேட்டுக் கேட்டு குழப்பமா இருக்கு. முடி வேற கொட்டுதுன்னு மூணு வாரமா ஒரு விட்டமின் மாத்திரை போட்டுட்டு இருக்கேன், இப்போதைக்கு கார்பிமசோல் தவிர அது ஒண்ணுதான். நானா ஏதாவது செஞ்சு இதைத் தக்க வெச்சுக்க முடியும்னா சொல்லுங்க, செய்ய ரெடியா இருக்கேன்.


நிதானம்:

வாங்க சகோதரி. நான் நிறுத்தி 6 வருஷம் ஆச்சு, இன்னைக்கு வரைக்கும் நார்மல். அதனால முதல் கேள்விக்கு பதில், இருக்கோம்.

ஆன்டிபாடி விஷயத்தை எனக்கு ஒரு டாக்டர் சொன்ன மாதிரியே சொல்றேன். மூளைக்குக் கீழ இருக்கற பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்ஹெச் அனுப்பி தைராய்டைத் தட்டி வேலை வாங்கணும், அது முறையான வழி. கிரேவ்ஸ்ல நம்ம எதிர்ப்பு சக்தியே தப்பா ஒரு ஆன்டிபாடி செஞ்சு அதே கதவை ராப்பகலா தட்டிட்டே இருக்கும், சுரப்பியும் நிறுத்தாம ஹார்மோனைக் கொட்டும். கார்பிமசோல் செய்யறது என்னன்னா உள்ள ஹார்மோன் தயாராகறதைத் தடுக்குது. கதவைத் தட்டறவன் அப்படியேதான் வெளிய நிப்பான். அப்ப மாத்திரை போட்டுட்டு இருக்கும்போது டிஎஸ்ஹெச் நார்மல்னா நோய் அடங்கிருச்சா இல்ல மாத்திரை அமுக்கி வெச்சிருக்கான்னு அதை வெச்சு மட்டும் சொல்ல முடியாது. டிஆர்ஏபி பாத்தாத்தான் தட்டறவன் கிளம்பிட்டானான்னு ஓரளவு தெரியும். அது நல்லா இறங்கி நார்மலுக்குள்ள வந்தப்புறம் நிறுத்தினா திரும்ப வர்ற வாய்ப்பு குறைவு, இன்னும் மேலயே இருந்தா நிறுத்தின கொஞ்ச நாள்லயே திரும்ப வர்றது ரொம்ப சகஜம். ஆன்டிபாடி நார்மலாகியும் சிலருக்கு வரும், அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

அந்தப் "பாதி"ங்கறது எல்லாரையும் ஒண்ணா சேத்து சொல்ற கணக்கு. கழுத்துக் கட்டி பெருசா இருக்கறவங்க, ஆரம்பத்துல டி4 ரொம்ப ஏறினவங்க, ஆன்டிபாடி ரொம்ப அதிகமா இருந்தவங்க, 40 வயசுக்குக் கீழ உள்ளவங்க, புகை பிடிக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் திரும்ப வர்றது ஜாஸ்தி. ஆம்பளைங்களுக்கும் அடங்கறது கொஞ்சம் கஷ்டம்னு சொல்வாங்க. நான் ஆம்பளை, தினம் பத்து சிகரெட் வேற, ரெண்டும் எனக்கு எதிரா இருந்துச்சு. ஆம்பளைங்கறதை மாத்த முடியாது, சிகரெட்டை விட முடியும்ல, விட்டேன். இந்த வியாதில நம்ம கைல நிஜமா இருக்கற ஒரு விஷயம்னா அது புகைதான். கண்ணு துருத்தறது, எரியறது, ரெண்டு ரெண்டா தெரியறது இதெல்லாம் வர்றதுக்கும் மோசமாகறதுக்கும் புகைதான் பெரிய காரணம். நீங்க பிடிக்க மாட்டீங்கன்னு நினைக்கறேன், ஆனா வீட்ல யாராவது பிடிச்சா அதையும் வெளிய அனுப்புங்க.

நான் 21 மாசம் மாத்திரை போட்டுட்டு நிறுத்தினேன். நிறுத்தி ஆறாவது வாரம் முதல் டெஸ்ட், அப்புறம் ஒரு வருஷம் வரைக்கும் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாசம், இப்ப வருஷத்துக்கு ஒண்ணு. திரும்ப வர்றவங்கள்ல நிறைய பேருக்கு முதல் ஆறு மாசம் ஒரு வருஷத்துக்குள்ளதான் வருது, அதனால அந்த வருஷம் ஒரு டெஸ்டையும் தள்ளிப் போடாதீங்க. மாத்திரையே இல்லாம ஒரு வருஷம் டிஎஸ்ஹெச், டி4, டி3 மூணும் நார்மலா நின்னாத்தான் ரெமிஷன்னே, அதாவது நோய் அடங்கியிருக்குன்னே சொல்வாங்க, குணமாயிடுச்சுன்னு சொல்ல மாட்டாங்க. ஏன்னா பல வருஷம் கழிச்சும் திரும்ப வரலாம், சிலருக்கு அப்படியே எதிர்ப்பக்கம் போய் தைராய்டு குறைவாவும் ஆகலாம். அதான் வருஷா வருஷம் ஒரு டெஸ்ட் ஆயுசுக்கும் உண்டு.

இன்னொரு பழக்கம், காலைல முழிச்சதும் படுக்கைலேர்ந்து எந்திரிக்கறதுக்கு முன்னாடி மணிக்கட்டுல விரல் வெச்சு ஒரு நிமிஷம் நாடி எண்ணி ஒரு சின்ன நோட்ல எழுதி வைப்பேன். எனக்கு 64லேர்ந்து 70க்குள்ள இருக்கும். அது ஒரு வாரம் தொடர்ந்து 85, 90ன்னு நின்னா டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்க மாட்டேன். இதுவரைக்கும் ஒரு தடவைதான் அப்படி ஆச்சு, அது காய்ச்சலால வந்ததுன்னு தெரிஞ்சுது.


கிழக்குஜன்னல்:

ஊசிநூல், நான் அந்த இன்னொரு பாதி. பயமுறுத்த எழுதல, திரும்ப வந்தா வாழ்க்கை முடிஞ்சு போயிடாதுன்னு சொல்லத்தான் எழுதறேன்.

எனக்கு 13 மாசத்துலயே டிஎஸ்ஹெச்சை மட்டும் பாத்துட்டு நிறுத்திட்டாங்க, ஆன்டிபாடி அப்ப பாக்கவே இல்ல, நானும் கேக்கல, கேக்கணும்னு தெரியாது. மூணு மாசம் ஜோரா இருந்தேன். நாலாவது மாசம் எப்பவும் ஏறற மாடிப்படி, பாதில நின்னு கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டேன், தொடை ரெண்டும் வெலவெலன்னு ஆயிடுச்சு, நெஞ்சு காதுக்குள்ள அடிக்குது. எனக்கு அந்த சத்தம் நல்லா ஞாபகம் இருந்துச்சு, உடனே புரிஞ்சுடுச்சு. டெஸ்ட் எடுத்தா டி4 கொஞ்சம்தான் மேல, டி3 தான் நல்லா ஏறியிருந்துச்சு. அப்ப எடுத்த ஆன்டிபாடி 6 கிட்ட. அதனாலதான் சொல்றேன், நிறுத்தினப்புறம் எடுக்கற டெஸ்ட்ல டி3யையும் சேத்துக் கேளுங்க, டிஎஸ்ஹெச்சோட விட்டுடாதீங்க.

ஒரு மாசம் அழுதேன். நான் என்ன தப்பு பண்ணேன், சரியா தூங்கலயா, அந்த சண்டைல டென்ஷன் ஆனதா, எதை சாப்பிட்டேன்னு ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேன். தயவுசெஞ்சு நீங்க அந்த வேலைய பண்ணாதீங்க. தூக்கம், மன அமைதி எல்லாம் உடம்புக்கு நல்லதுதான், டென்ஷனுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்குன்னும் சொல்றாங்க, அதுக்காக திரும்ப வந்தது நம்ம தப்புன்னு ஆகாது.

திரும்ப 20 எம்ஜில ஆரம்பிச்சு இறக்கி இப்ப அஞ்சு வருஷமா 2.5 எம்ஜி. பாதி மாத்திரைதான், மாத்திரை வெட்டற சின்ன டப்பா ஒண்ணு வெச்சிருக்கேன். 12லேர்ந்து 18 மாசம்ங்கறது வழக்கமான கணக்கு, ஆனா ஆன்டிபாடி இறங்கலன்னா குறைஞ்ச டோஸ்ல இன்னும் நீட்டிக்கறதும் இப்ப ஏத்துக்கிட்ட வழிதான், வருஷக்கணக்கா போட்டப்புறம் நிறுத்தினவங்களுக்கு ரெமிஷன் கூடுதலா நிக்குதுன்னு ஆய்வுகளும் வந்திருக்கு. என் ஆன்டிபாடி போன தடவை 1.9. அவசரமே இல்ல எனக்கு.

மாத்திரைய அன்னைக்கே விட்டிருக்கணும்னு சொல்ற சொந்தக்காரருக்கு ஒண்ணு சொல்லுங்க. தைராய்டு இப்படி ஏறி மாசக்கணக்கா விட்டா இதயத்துடிப்பு தாறுமாறா போகும், எலும்பு தேயும், ரொம்ப முத்தினா உயிருக்கே ஆபத்து. தானா அடங்கறவங்க கொஞ்சம் பேர் உண்டுதான், ஆனா அது நமக்கா இல்லையான்னு பாக்க இதயத்தைப் பணயம் வெக்க முடியாது.

கார்பிமசோல் போடற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு, நீங்க நிறுத்தப் போறவங்கன்னாலும் சொல்லிடறேன். காய்ச்சலோட தொண்டை வலி, வாய்ப்புண் வந்தா மாத்திரைய உடனே நிறுத்திட்டு அன்னைக்கே ரத்தத்துல வெள்ளை அணுக்கள் எண்ணிக்கை பாக்கணும். ரொம்ப அபூர்வம், ஆயிரத்துல சில பேருக்குத்தான், பெரும்பாலும் முதல் மூணு மாசத்துக்குள்ள, ஆனா வந்தா விளையாட்டு இல்ல. கண்ணு மஞ்சளானாலும் அதே அவசரம்தான். திரும்ப வந்து திரும்ப ஆரம்பிச்சா இந்த ஜாக்கிரதையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.


சோதனைக்குழாய்:

நான் லேப்ல வேலை பாக்கறேன். எல்லாரும் நல்லா சொல்லிட்டாங்க, நான் ஒரு வரிக்காகத்தான் வந்தேன். முடி கொட்டறதுக்கு விட்டமின் மாத்திரைன்னு எழுதியிருக்கீங்களே, அந்த அட்டையத் திருப்பி அதுல பயோட்டின்ங்கற விட்டமின் எவ்வளவுன்னு பாத்து சொல்லுங்க, ஆன்டிபாடிக்கு ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி.

காரணம் என்னன்னா நிறைய லேப் மெஷின்கள்ல இந்த டெஸ்டுகளுக்கு பயோட்டினையே ஒட்டுப்பசை மாதிரி பயன்படுத்தறாங்க. ரத்தத்துல வெளிலேர்ந்து பயோட்டின் நிறைய வந்தா டிஎஸ்ஹெச் பொய்யா கம்மியா காட்டும், டி4 டி3 பொய்யா ஏத்திக் காட்டும், டிஆர்ஏபியும் பொய்யா பாசிட்டிவ் ஆகலாம். ஒண்ணா வெச்சுப் பாத்தா அச்சு அசல் கிரேவ்ஸ் திரும்ப வந்த மாதிரியே ரிப்போர்ட் இருக்கும், ஆளுக்கு ஒண்ணுமே இருக்காது. இதை வெச்சு நல்லா இருக்கறவங்க மாத்திரைய ஏத்திக்கிட்ட கதையெல்லாம் உண்டு. குறைஞ்சது 2 நாள் முன்னாடி நிறுத்தணும், டோஸ் பெருசுன்னா இன்னும் சில நாள் கூட, டாக்டர் கிட்டயும் லேப்லயும் சொல்லிடுங்க.

அப்படியே இன்னும் கொஞ்சம். முடிஞ்சா எப்பவும் ஒரே லேப்ல எடுங்க, டிஆர்ஏபிக்கு மெஷினுக்கு மெஷின் நார்மல் அளவு மாறும், ஒரு லேப் 11ஐயும் வேற லேப் 3ஐயும் பக்கத்துல வெச்சு குறைஞ்சுடுச்சுன்னு சொல்லிட முடியாது. அயோடின் மொத்தமா உள்ள போறதும் அடங்கினதைக் கிளப்பி விடலாம், சாதாரண சாப்பாட்டு உப்பைச் சொல்லல, கடல்பாசி மாத்திரை, ஸ்கேனுக்கு ஊசில போடற அயோடின் டை, இதயத்துக்குக் குடுக்கற அமியோடரோன் இந்த மாதிரி. ஸ்கேன் கண்டிப்பா வேணும்னா எடுக்கத்தான் வேணும், முன்னாடியே கிரேவ்ஸ் இருந்துச்சுன்னு சொல்லிட்டு அப்புறம் சில வாரத்துல தைராய்டு ஒரு தடவை பாத்துக்கோங்க. செலினியம் பத்தியும் யாராவது சொல்வாங்க. லேசான கண் பாதிப்புக்கு ஆறு மாசம் குடுத்து பலன் இருந்ததுன்னு 2011ல ஐரோப்பால ஒரு நல்ல ஆய்வு வந்துச்சு, அது கண்ணுக்கு. மாத்திரைய நிறுத்தினப்புறம் நோய் வராம தடுக்கும்னு அந்த அளவுக்கு ஆதாரம் கிடையாது, அளவு மீறினா செலினியமே கெடுதல், அதனால சும்மா வாங்கிப் போடாதீங்க.


ஊசிநூல்:

ஐயோ, இப்பதான் அட்டையப் பாத்தேன், பயோட்டின் 10,000 எம்சிஜின்னு போட்டிருக்கு! நல்ல நேரத்துல சொன்னீங்க, போன ரத்த டெஸ்டுக்கு அப்புறம்தான் அதை ஆரம்பிச்சேன், அதனால அந்த 1.8 உண்மையானதுதானே? இன்னைக்கே நிறுத்திட்டேன். டெஸ்ட் பத்து நாள் கழிச்சுதான்.

கிழக்குஜன்னல் அக்கா, படிக்கட்டு பத்தி எழுதினதைப் படிச்சு ரெண்டு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். அதே நெஞ்சு சத்தம் எனக்கும் தெரியும்.

குழந்தை விஷயம் யாராவது சொல்லுங்களேன்.


சோதனைக்குழாய்:

ஆமா, 1.8 உண்மைதான். 10,000 எம்சிஜின்னா 10 எம்ஜி, ஒரு நாளைக்குத் தேவையானதே 30 எம்சிஜி போலத்தான். பத்து நாள் தாராளம்.


இரண்டாம்மூச்சு:

குழந்தை பத்தி நான் சொல்றேன், கிரேவ்ஸோட கர்ப்பம், அப்புறம் நோய் திரும்ப வந்தது, ரெண்டும் பாத்தவ நான்.

முதல்ல, மாத்திரை போட்டுட்டு இருக்கும்போதே கர்ப்பம் ஆகாம பாத்துக்கோங்க, அல்லது அதுக்கு முன்னாடியே டாக்டர் கிட்ட திட்டம் சொல்லிடுங்க. கார்பிமசோல் முதல் சில வாரங்கள்ல குழந்தைக்குப் பிறவிக் குறை உண்டாக்கலாம், அதனால வேணும்னா அந்த சமயத்துக்கு பிடியூன்னு வேற மாத்திரைக்கு மாத்துவாங்க, டோஸ் ரொம்பக் குறைவா இருக்கறவங்களுக்கு நிறுத்தியே பாப்பாங்க. நாள் தள்ளிப் போனது தெரிஞ்ச அன்னைக்கே போன் பண்ணணும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. நீங்க நிறுத்தி நார்மலா இருக்கும்போது கர்ப்பமானா அது ரொம்ப நல்ல நிலைமை.

கர்ப்பத்துல எதிர்ப்பு சக்தி கொஞ்சம் அடங்கும், அதனால கிரேவ்ஸும் அடங்கின மாதிரி இருக்கும். பிரசவம் ஆனப்புறம் எல்லாம் திரும்ப முழிச்சுக்கும். எனக்கு குழந்தை பிறந்து ஏழாவது மாசம் திரும்ப வந்துச்சு. கைக்குழந்தைய வெச்சுட்டு தூக்கம் இல்ல, முடி கொட்டுது, எடை குறையுது, எரிச்சல், எல்லா அம்மாக்கும் இப்படித்தான்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பினேன், ரெண்டு மாசம் போயிடுச்சு. அதனால பிரசவத்துக்கு அப்புறம் அந்த முதல் வருஷம் குறிச்சு வெச்சு டெஸ்ட் பண்ணுங்க. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற வேற ஒரு தைராய்டு வீக்கமும் உண்டு, அது கொஞ்ச மாசத்துல தானா மாறும், அதுக்கு கார்பிமசோலே வேண்டாம், ரெண்டையும் பிரிச்சுப் பாக்கறதும் அந்த ஆன்டிபாடி டெஸ்ட்தான்.

ரெண்டாவது தடவையும் திரும்ப வந்தப்ப நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். கண்ணுல பாதிப்பு இருந்ததால ரேடியோ அயோடின் (கதிரியக்க அயோடினால சுரப்பிய அழிக்கற சிகிச்சை) வேண்டாம்னுட்டாங்க, அது கண்ணை இன்னும் மோசமாக்கலாம். இப்ப சுரப்பி இல்ல, தினம் காலைல வெறும் வயித்துல தைராக்சின், அந்த ஹார்மோனுக்குப் பதிலா போடற மாத்திரை. இதைத் தோல்வின்னு நினைச்சு ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டேன், அந்த ரெண்டு வருஷம் எனக்குத் திரும்பக் கிடைக்காது. ஆபரேஷன் ஆனாலும் ஆன்டிபாடி ரத்தத்துல கொஞ்ச காலம் இருக்கும், அது நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போகும், அதனால பின்னாடி கர்ப்பமானா அதையும் பாக்கச் சொல்லணும்.


ஊசிநூல்:

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. டிஆர்ஏபி 0.9! ரிப்போர்ட் வந்தப்ப போனை என் பொண்ணு கைல குடுத்து நீயே படின்னுட்டேன். டாக்டர் இன்னும் ஒரு தடவை எல்லாம் பாத்துட்டு நிறுத்தச் சொல்லிட்டாங்க, இன்னையோட 16 நாள். குழந்தைக்கு அவசரப்படாம முதல்ல சில மாசம் நம்பர் நிக்குதான்னு பாக்கலாம்னு நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கோம், டாக்டரும் சரின்னாங்க.

காலை நாடி நோட் ஆரம்பிச்சுட்டேன். 74, 72, 76, 72. நடுவுல ஒரு நாள் 82 வந்து பயந்துட்டேன், அடுத்த நாள் 73.

ஒரு சந்தேகம் மட்டும். வீட்ல 5 எம்ஜி அட்டை ஒண்ணு முழுசா மிச்சம் இருக்கு. எப்பவாவது படபடப்பு வந்தா ஒண்ணு போட்டுக்கலாமா, இல்ல தூக்கிப் போட்டுடவா?


நிதானம்:

0.9! ரொம்ப சந்தோஷம் சகோதரி.

படபடப்புன்னு நீங்களா எடுத்துப் போடாதீங்க. கார்பிமசோல் தலைவலி மாத்திரை மாதிரி உடனே கேக்கற மாத்திரை இல்ல, சுரப்பில ஏற்கெனவே சேத்து வெச்ச ஹார்மோன் தீர வாரக்கணக்காகும், ஒண்ணு போட்டு அன்னைக்கு எதுவும் குறையாது. வந்த படபடப்பு கிரேவ்ஸாத்தான் இருக்கணும்னும் இல்ல, ரத்தசோகையா இருக்கலாம், காய்ச்சலா இருக்கலாம். முதல்ல ரத்தம் குடுங்க, ரிப்போர்ட்டோட டாக்டரைப் பாருங்க. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், துடிப்பு தாறுமாறா போறதுன்னா டெஸ்டுக்கும் நிக்காதீங்க, நேரா எமர்ஜென்சி.

அட்டைய ஒரு ஓரமா வெச்சிட்டு ஆறாவது வார விசிட்டுக்கு எடுத்துட்டுப் போய் அவங்க கிட்டயே கேளுங்க. டி3யும் எழுதச் சொல்ல மறக்காதீங்க.